கயிற்றின் மறுமுனை

போன் அடித்தபோது என் தம்பி எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தான். முதல் நாள்தான் எனக்குக் கண்புரை எடுத்திருந்தார்கள், அவன் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே தலை நரைத்த நர்ஸ் நான். ஊரார் கண்ணுக்கெல்லாம் மருந்து விட்டவளுக்குத் தன் கண்ணுக்கு விட்டுக்கொள்ளத் தெரியாதா என்று அவனிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். "தலையை ஆட்டாதேக்கா" என்று அதட்டிவிட்டான். போன் விடாமல் அடிக்கவும், குப்பியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய் எடுத்தான். பேசவே இல்லை, கேட்டுக்கொண்டே நின்றான். "எந்தக் கரையில?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டான். பிறகு போனை வைத்தான், குப்பியை எடுத்தான், விட்ட இடத்திலிருந்து மிச்ச மருந்தையும் விட்டான். மூடியைத் திருகி மூடிவிட்டுத்தான் சொன்னான்.

"அவ போயிட்டாக்கா."

அவள் என்றால் அவன் மனைவி. நான் அவளுக்கு வைத்த பெயர் புல்லுக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில், எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் சேறும் பாசியுமாக எதையோ கொட்டி மிதக்கவிட்டிருந்தாள். அன்றைக்கு வைத்த பெயர் அது. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், "நல்ல பேர் அண்ணி, பொருத்தமா இருக்கு" என்று சிரித்தாள். சிரிக்கிறவளிடம் எத்தனை நேரம்தான் சண்டை போடுவது? பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவள் வேலை ஹெர்பேரியத்தில். செடிகளை வேரும் பூவுமாக எடுத்துவந்து, காகிதங்களுக்கு நடுவில் வைத்து அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, எங்கே எப்போது யார் எடுத்தது என்று மூலையில் ஒரு சீட்டு ஒட்டி அலமாரியில் அடுக்கி வைப்பார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவு. இவளுக்கு வாய்த்தது சதுப்பு நிலமும் மலை ஏரிகளும். மற்றவர்கள் கால் நனையாமல் செடி பறிப்பார்கள், இவள் இடுப்பளவு சேற்றில் நின்று பறிப்பாள்.

சதுப்பில் இறங்குவதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. மேலே பார்த்தால் புல் தரை மாதிரி இருக்கும், கால் வைத்தால் தரை ஆடும், அடியில் தண்ணீர். அதனால் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவாள். மறுமுனையைக் கரையில் நின்று என் தம்பி பிடித்துக்கொள்வான். அவன் ஒரு பத்திரிகை அலுவலகத்தில், விற்காமல் திரும்பி வரும் பிரதிகளை எண்ணிக் கட்டும் பிரிவில் இருக்கிறான். பத்திரிகை விற்காமல் போனால் சந்தோஷப்படும் ஒரே ஊழியன் அவன்தான், பொண்டாட்டிக்குச் செடி அழுத்தக் காகிதம் கிடைத்ததே என்று. லீவு எடுத்தால் கயிறு பிடிக்கப் போவான். வீட்டுக்கு வந்தால் காகிதம் மாற்றுவான். அவள் ஒட்டிய தாள்களில் எல்லாம் 'சேகரித்தவர்கள்' என்ற இடத்தில் இரண்டு பெயர் இருக்கும். "செடி பேர்கூடத் தெரியாதவன் பேரை எதுக்கும்மா போடறே?" என்று ஒருமுறை கேட்டேன். "கயிறு பிடிக்கறவரும் சேகரிக்கறவர்தான் அண்ணி. அவர் விட்டுட்டா நான் எங்க சேகரிக்கறது?" என்றாள்.

இந்தத் தடவை அவன் போகவில்லை. மலைமேல் உள்ள ஓர் ஏரியில், முடி மாதிரி இலையுள்ள ஒரு நீர்ச்செடி இருக்கிறது. பல வருஷங்களாக அதன்மேல் அவளுக்குக் கண். ஒரு தடவை இலை கிடைத்தது, பூ இல்லை. இன்னொரு தடவை பூ கிடைத்தது, வேர் அறுந்துவிட்டது. பூவும் வேரும் ஒரே செடியில் இருந்தால்தான் இன்னது என்று அடித்துச் சொல்ல முடியுமாம். பூக்கிற காலமோ கொஞ்சம்தான். அந்தக் காலத்தில் பார்த்து எனக்குக் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். எனக்கென்று பிள்ளையா குட்டியா, யாரும் இல்லை. தம்பி என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். "விடுடா, நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று எரிந்து விழுந்தேன். அவன் விடவில்லை. அந்த நேரத்தில்தான் புல்லுக்காரி தனியாக மலை ஏறியிருக்கிறாள்.

வனக்காவலர் வீட்டுக்கே வந்து சொன்னார். கயிற்றின் மறுமுனையைக் கரையோரம் ஒரு மரத்தில் கட்டியிருந்தாளாம், முடிச்சு அத்தனை கச்சிதமாம். ரோந்து வந்தவர், மரத்திலிருந்து ஒரு கயிறு விறைப்பாகத் தண்ணீருக்குள் போவதைப் பார்த்திருக்கிறார். "கயிறு அறுந்துபோகலைங்க. மரமும் அசையலை. ஆனா இழுக்கறதுக்கு ஆள் வேணுமில்லீங்களா?" என்றார். சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். கயிற்றை, செடி அழுத்தும் பலகைகளை, வாய் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பைக்குள் ஏரித் தண்ணீர், தண்ணீருக்குள் பச்சையாக ஏதோ. "இதை மட்டும் அவங்க கையிலிருந்து பிரிச்சுத்தான் எடுத்தோம்" என்றார்.

தம்பி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "பூ இருக்கு" என்றான். கொஞ்சம் திருப்பிப் பார்த்து, "வேரும் இருக்கு" என்றான். என்னிடம் கொடுத்தான். "ஃபிரிட்ஜ்ல வைக்கா. அடிப்பக்கம் வை, உறைஞ்சிடக் கூடாது."

அவளை நான்தான் குளிப்பாட்டினேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையெல்லாம் அன்றைக்கு யார் நினைத்தார்கள்? தலைமுடி முழுக்க ஏரிச் சேறு. அகலமான தட்டில் தண்ணீர் வைத்து, முடியை அதில் மிதக்கவிட்டு, விரலாலேயே கோதிக் கோதிச் சேற்றை எடுத்தேன். எத்தனையோ பேரை அப்படிக் கழுவி அனுப்பியிருக்கிறேன், ஒருவருக்கும் கை நடுங்கியதில்லை. இவளுக்கு நடுங்கியது. என் கண்ணுக்காகத்தான் இது என்று ஒவ்வொரு விரலுக்கும் தெரிந்திருந்தது.

தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. ஆள் வந்து போகிற வீட்டில், அழுகைக்கு நடுவில், நேரம் தவறாமல் குப்பியோடு வந்து நிற்பான். "அண்ணாந்து பாரு" என்பான். சொட்டு விட்டு, இமையை மூடச் சொல்லி, பஞ்சால் ஒற்றிவிட்டுப் போவான். அவன் முகம் அத்தனை பக்கத்தில் இருக்கும், அதில் ஒன்றையும் படிக்க முடியாது. உள்ளுக்குள் என்னைச் சபிக்கிறானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊரையே வாயால் கட்டி மேய்த்தவள் நான்.

அவளைக் கொண்டுபோய்விட்டு வந்த சாயங்காலம், கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, இவன் நடுவில் வந்து பலகைக் கட்டை அவிழ்த்தான். இரண்டு பலகை, அவற்றை இறுக்கும் பட்டை, நடுவில் கனமாகக் காகிதக் கட்டு. வழியில் சதுப்புகளில் அவள் எடுத்த செடிகள் அவை. ஒவ்வொரு செடியையும் ஈரக் காகிதத்திலிருந்து எடுத்து உலர்ந்த காகிதத்துக்கு மாற்ற ஆரம்பித்தான். எங்கள் சித்திக்குத் தாங்கவில்லை.

"ஏண்டா, இன்னிக்குமா இந்தக் குப்பையைக் கட்டிக்கிட்டு அழணும்? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"இன்னிக்கு மாத்தலேன்னா பூஞ்சை வந்துடும் சித்தி. கறுத்துப்போயிடும்."

"அவளே போயிட்டா. செடி கறுத்தா என்ன, வெளுத்தா என்ன?"

அவன் அடுத்த செடியை எடுத்தான். எனக்குச் சட்டென்று சித்தி மேல் கோபம் வந்தது. வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஆள் போய்விட்டால் அடுத்த கட்டிலுக்குக் கட்டு மாற்றாமல் இருப்போமா? எழுந்து போய் அவன் எதிரில் உட்கார்ந்து, ஈரக் காகிதங்களை வாங்கி ஒரு பக்கம் அடுக்கினேன். அவன் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தான்.

மறுநாள் காலை, ஏரிச் செடியை இன்றைக்குத் தாளில் ஏற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் வேலை அறையில் தட்டு, தூரிகை, தாள் எல்லாம் எடுத்து வைத்தான். நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அடித்தட்டில் பால் பாக்கெட்டுகள்.

"சித்தி, இங்க ஒரு பை இருந்துதே?"

"அந்த அழுகின கீரையா? நாத்தம் குடலைப் பிடுங்கிச்சு. அப்பவே தூக்கிக் குப்பையில போட்டேன். யார்தான் இப்படித் தண்ணியோட கட்டி வைப்பாங்களோ" என்றாள் சித்தி, பாத்திரம் கழுவிக்கொண்டே.

ஒருத்தி உயிரை விட்டுப் பறித்தது. கை விரலைப் பிரித்து எடுத்தது. தம்பி என்னை நம்பிக் கொடுத்தது. ஓடினேன், இந்த வயதில் அப்படி ஓடியதில்லை. கொல்லைப்புறத்துத் தொட்டியில் துக்க வீட்டுக் குப்பை மொத்தமும் கிடந்தது: எச்சில் காகிதத் தட்டு, காப்பித் தூள், வாடிய பூ. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டேன். ஜன்னலிலிருந்து சித்தி, "கண் ஆபரேஷன் பண்ணினவடி நீ!" என்று கத்தினாள். "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு சித்தி" என்றேன். பெரியவளை அப்படிச் சொல்லலாமா என்று பிறகுதான் தோன்றியது.

பை கிடைத்தது. கிழிந்து, தண்ணீர் முழுக்க ஒழுகிப்போயிருந்தது. ஆனால் உள்ளே இருந்தது காயவில்லை. கையில் எடுத்தால் நனைந்த நூல் உருண்டை மாதிரி இருந்தது, பூ எது வேர் எது என்று தெரியவில்லை. தொட்டியில் கிடந்ததைத் தம்பியிடம் மறைக்க நினைத்தேன். முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சித்தியா?"

"ஆமாடா."

"சரி, கொண்டா" என்றான்.

வெள்ளை எனாமல் தட்டில் தண்ணீர் ஊற்றி உருண்டையை மெல்ல விட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவிழ்ந்தது. இழை இழையாகப் பிரிந்து, தண்ணீருக்குள் பச்சையாக விரிந்தது. ஒரு பூ, விரல் நகத்தைவிடச் சின்னது, வெள்ளையாக மேலே வந்து மிதந்தது. அடியில் வேர், அதில் இன்னும் சேறு. என்னையறியாமல் "அம்மாடி" என்றேன்.

"இனிமேதான் கஷ்டம். அடியில தாளைச் செருகி, அப்படியே தண்ணியோட தூக்கணும். வேகமாத் தூக்கினா எல்லாம் ஒண்ணாச் சுருண்டுடும். இதை மட்டும் அவ என்னைச் செய்ய விட்டதே இல்லக்கா. காகிதம் மாத்தறதோட என் வேலை சரி."

"பார்த்திருக்கே இல்ல?"

"பார்த்திருக்கேன்."

முதல் தடவை சுருண்டது. தாளை மறுபடி தண்ணீரில் இறக்கினான். இரண்டாம் தடவை இலை விரிந்தது, பூ மடங்கிக்கொண்டது. இன்னொரு தடவை தப்பினால் இதழ் கிழிந்துவிடும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"தள்ளு. தண்டை நான் பிடிச்சுக்கறேன், நீ தாளை மட்டும் தூக்கு" என்றேன்.

"நீ குனியக் கூடாதுக்கா."

"எல்லாம் எனக்குத் தெரியும். தூக்குடா."

குனிந்தேன். கண்ணுக்குள் பாரம் இறங்கியது. தண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மறு கையில் தூரிகையால் இழைகளைக் கோதிவிட்டேன். முந்தின நாள் அவள் முடியைக் கோதிய அதே விரல்கள். இந்தத் தடவை நடுங்கவில்லை. தம்பி ஒரு ஓரமாகத் தாளைத் தூக்கினான். தண்ணீர் மறு ஓரமாக வழிந்து இறங்க இறங்க, செடி தாள்மேல் அப்படியே படிந்தது. வேர், தண்டு, முடி முடியாய் இலை, ஒற்றைப் பூ. ஏரிக்குள் எப்படி நின்றதோ அப்படி. பூவின் மேல் காகிதம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் காயத்துக்கு வைக்கிற மெல்லிய துணியை நான் கத்தரித்துப் போர்த்தினேன். மேலே காகிதம், மேலே பலகை. பட்டையை அவன் இறுக்கினான். இறுக்கிவிட்டு அதன்மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். போன் வந்ததிலிருந்து அதுவரை அவன் அழுது நான் பார்க்கவில்லை. நானும் அழுதேன். கண்ணைக் கசக்கக் கூடாதென்று கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிறகு வீடு காலியானது. நான் என் வீட்டுக்குத் திரும்பவில்லை. தினமும் அவன் காகிதம் மாற்றுவான், நான் ஈரக் காகிதத்தை வெயிலில் போடுவேன். தினமும் அவன் எனக்கு மருந்து விடுவான். அந்த ஒரு பேச்சை மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை.

செடிகள் எல்லாம் உலர்ந்த பிறகு ஹெர்பேரியத்துக் காப்பாளர் வந்தார். ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிற பெண். ஏரிச் செடியின் தாளைத் துணி விலக்கிப் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இதேதான். அவங்க சொன்ன அதேதான்" என்றார். சீட்டு எழுத விவரம் கேட்டார். ஏரி, ஆழம், தேதி எல்லாம் அவள் குறிப்பிலிருந்து தம்பி சொன்னான்.

"சேகரித்தவர்கள்னு வழக்கம்போல ரெண்டு பேரையும் போட்டுடறேங்க."

"வேண்டாங்க. அவ பேர் மட்டும் போடுங்க."

"இத்தனை வருஷமா ரெண்டு பேர்தானே வந்திருக்கு? நீங்கதானே இதை உலர்த்திக் கொடுத்தீங்க?"

"கயிறு பிடிக்கறவனுக்குத்தான் பேர். அவ வெச்ச சட்டம்" என்றான் தம்பி. "இந்தத் தடவை கயிறு என் கையில இல்லைங்க."

காப்பாளர் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குள் அத்தனை நாளாக அடைத்துக் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. வேற்று ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை.

"என் கண்ணாலதானேடா? சொல்லித் தொலையேன்! ஒரு வார்த்தை திட்டேன்! வாயை மூடிக்கிட்டு மருந்து விட்டு விட்டே என்னைக் கொல்றியே!"

அவன் என்னையே பார்த்தான். அவனுக்கு இது புதுச் செய்தி என்று முகத்தில் தெரிந்தது.

"அக்கா, நான் உன்கூட வர்றதாவே இல்ல. ஆஸ்பத்திரியில கூட இருக்க ஒரு ஆளை வெச்சுட்டு, நான் கயிறு பிடிக்கப் போறேன்னுதான் சொன்னேன். அவதான் விடல."

"விடலையா?"

"'அண்ணிக்கு வாய்தான் அப்படி, உள்ளுக்குள்ள பயம்'னா. 'ஊருக்கெல்லாம் பக்கத்துல நின்னவங்க, அவங்களுக்குப் பக்கத்துல யாரும் நின்னதில்ல. கூலிக்கு வர்றவ மருந்து விடுவா, கையைப் பிடிப்பாளா? இந்தத் தடவை நீங்க அண்ணி கையைப் பிடிங்க, கயித்தை மரம் பிடிச்சுக்கும்'னா. அவங்க எரிஞ்சு விழுவாங்க, விட்டுடாதீங்கன்னும் சொல்லி அனுப்பினா."

குளியல் தொட்டியைச் சேறாக்கினாள் என்று நான் பெயர் வைத்துக் கேலி செய்த பெண். எனக்குப் பயம் உண்டென்று என்னைப் பெற்றவளுக்குக்கூடத் தெரியாது. காப்பாளர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டு, சீட்டில் ஒரே ஒரு பெயரை எழுதினார்.

தாளை ஒட்டி அலமாரியில் வைத்தாகிவிட்டது என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். தம்பி வரவில்லை, நான் மட்டும் போனேன். நீளமான அறை, ஆள் உயர அலமாரிகள், பூச்சி வராமல் வைக்கிற மருந்தின் வாசனை. காப்பாளர் ஓர் உறையை எடுத்து மேஜைமேல் விரித்தார். மேலே இருந்த தாள்கள் பழையவை. இலை மட்டும் உள்ள ஒன்று, வேர் அறுந்த ஒன்று, இரண்டிலும் இரண்டு பெயர். கடைசியில் எங்கள் தாள். பூவின் வெள்ளை லேசாகப் பழுப்பேறியிருந்தது, ஒரு இழைகூடச் சுருளவில்லை.

சீட்டில் எழுத்து ரொம்பப் பொடி. காப்பாளர் லென்ஸை நீட்டினார். வேண்டாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, ஆபரேஷன் செய்த கண்ணால் மட்டும் பார்த்தேன். 'சேகரித்தவர்' என்று போட்டு, பக்கத்தில் அவள் பெயர். அதற்கு அப்புறம் வெறும் தாள். ஒவ்வோர் எழுத்தும் நன்றாகத் தெரிந்தது.